ஓப்பன் ஹார்ட் ஆபரேஷன்ல ரத்தத்த ஏன் ஃபில்டர் பண்றாங்க?

"ஹார்ட் ஆபரேஷன் அப்போ மொத்த ரத்தத்தையும் வெளிய எடுத்து ஃபில்டர் பண்ணித்தான் திரும்ப உள்ள விடுவாங்களாமே, அப்போ உடம்புல இருக்கிற கெட்டதெல்லாம் போயிடும்ல?" ஆபரேஷன் தியேட்டருக்கு வெளிய உக்காந்திருக்கிறவங்க கேக்குற கேள்விகள்ல இது ஒண்ணு. ரத்தம் வெளிய வர்றது நிஜம், ஃபில்டர் வழியா போறதும் நிஜம். ஆனா அந்த ஃபில்டர் பிடிக்கிற குப்பையில முக்கால்வாசி பேஷண்ட் வீட்டுல இருந்து கொண்டு வந்தது கிடையாது, நாம ரத்தத்த வெளிய எடுத்ததுனாலயே உருவானது. இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரிஞ்சிடும்.

ஏன் வெளிய எடுக்கணும்? வால்வு மாத்தணும், ஓட்டைய அடைக்கணும்னா இதயத்த திறக்கணும், அது துடிச்சிக்கிட்டு ரத்தம் நிரம்பி இருந்தா உள்ள ஒண்ணுமே தெரியாது. அதனால இதயத்த நிறுத்தி வைக்கிறாங்க, அந்த நேரத்துல ஹார்ட்-லங் மெஷின் இதயத்தோட வேலையையும் நுரையீரலோட வேலையையும் பாக்குது. தியேட்டர்ல இத சுருக்கமா பம்ப்னு சொல்லுவோம், அத ஓட்டுறவர் பெர்ஃபியூஷனிஸ்ட். 1953 மே 6ம் தேதி பிலடெல்பியாவுல ஜான் கிப்பன்ங்கிற சர்ஜன் 18 வயசுப் பொண்ணு ஒருத்திக்கு இதயத்துல இருந்த ஓட்டைய இப்படித்தான் அடைச்சார், 26 நிமிஷம் இதயம், நுரையீரல் ரெண்டோட வேலையையும் மெஷினே பாத்துச்சு, பொண்ணு பொழச்சிட்டா. ஆனா அந்த ஆபரேஷன்லயே மெஷினுக்குள்ள ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏத்துற கம்பி வலைத் திரையில ரத்தம் கட்ட ஆரம்பிச்சிடுச்சு. அதாவது முதல் நாள்ல இருந்தே பிரச்சனை இதுதான், ரத்தத்துக்கு வெளியுலகம் ஒத்துக்காது.

இப்போ ரத்தம் போற வழிய பாப்போம். வலது பக்க இதயத்துக்கு வர்ற அசுத்த ரத்தத்த ஒரு பெரிய டியூப் மூலமா இறக்குறாங்க, அது ரிசர்வாயர்னு ஒரு பிளாஸ்டிக் தொட்டியில விழுது. அங்கேர்ந்து பம்ப் அத தள்ளுது, ஆக்சிஜனேட்டர் வழியா போய் ஆக்சிஜன் ஏறி கார்பன் டை ஆக்சைடு இறங்குது, அதுலயே சூடு பண்றதும் குளிர வைக்கிறதும் நடக்குது, அப்புறம் ஆர்ட்டீரியல் ஃபில்டர்னு ஒரு சின்ன உருளை, அது தாண்டி நேரா மகாதமனிக்கு, அதாவது இதயத்துல இருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டு போற பெரிய குழாய்க்கு. மகாதமனியோட வளைவுல இருந்து கிளம்புற முதல் பெரிய கிளைகள் எங்க போகுதுன்னு நினைக்கிறீங்க? மூளைக்குத்தான் (கைக்கும் போகுது, ஆனா பயம் மூளைய பத்தித்தான்). இத மனசுல வச்சுக்கோங்க.

நிறைய பேருக்கு தெரியாத விஷயம் ஒண்ணு சொல்றேன். நுரையீரல் மூச்சு விடுறதுக்கு மட்டும் இல்ல, அதுவே உடம்போட ஃபில்டரும் கூட. கால்ல, கையில இருந்து சிரை வழியா வர்ற பொடிப்பொடி ரத்தக்கட்டி, கொஞ்சம் காத்து, இதெல்லாம் நுரையீரல்ல இருக்கிற நுண்குழாய்கள்ல மாட்டி அங்கேயே கரைஞ்சு போயிடும், மூளைக்கு போகாது. பம்ப்ல போட்டவுடனே ரத்தம் நுரையீரல் பக்கமே போறதில்ல. ஆக்சிஜன் ஏத்துற வேலைய ஆக்சிஜனேட்டர் எடுத்துக்கிச்சு, குப்பை பிடிக்கிற வேலைய யார் பாக்குறது? அந்த காலி இடத்துலதான் நம்ம ஃபில்டர்கள் வந்து உக்காருது.

சரி, என்ன குப்பை? முதல்ல ரத்தக்கட்டி. ரத்தம் பிளாஸ்டிக்க தொட்ட நிமிஷமே உடம்பு அத காயம்னு நினைச்சு உறைய பாக்கும், அத தடுக்கத்தான் பம்ப் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஹெப்பாரின் போடுறோம், ஒரு கிலோ எடைக்கு 300ல இருந்து 400 யூனிட் வரைக்கும். போட்டுட்டு ஏசிடின்னு ஒரு டெஸ்ட் பாப்போம், சாதாரணமா ரெண்டு நிமிஷம் ஒட்டி உறையுற ரத்தம் 480 செகண்டுக்கு மேல உறையாம இருக்கணும்ங்கிறது பரவலா வச்சிருக்கிற கணக்கு, அது வந்தாத்தான் பம்ப் ஆன் ஆகும். ஹெப்பாரின் இருந்தாலும் பிளேட்லெட்டும் வெள்ளை அணுக்களும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி சின்ன சின்ன திட்டு ஆகும். அப்புறம் காத்துக் குமிழி, டியூப் மாட்டுற இடம், இதயத்த திறந்த இடம், ஊசி மருந்து போடுற இடம்னு எங்கேர்ந்து வேணாலும் வரும். அப்புறம் கொழுப்பு, நெஞ்செலும்ப அறுக்கும்போது எலும்பு மஜ்ஜையில இருந்தும் இதயத்த சுத்தி இருக்கிற கொழுப்புல இருந்தும் உருகி வழியுறது. எலும்புத் தூள், நூல் துணுக்கு, ரோலர் பம்ப் டியூப திரும்பத் திரும்ப நசுக்குறதால உதிர்ற பிளாஸ்டிக் துகள் கூட உண்டு.

ஃபில்டர் வேலை ரத்தம் வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடும். புது டியூப் செட்ட பிரிச்சு மாட்டினதும் முதல்ல உள்ள கார்பன் டை ஆக்சைடு வாயுவ விட்டு காத்த வெளியேத்துவாங்க, இது ஏன்னா காத்துல முக்கால்வாசி நைட்ரஜன், அது ரத்தத்துல லேசுல கரையாது, கார்பன் டை ஆக்சைடு சீக்கிரம் கரைஞ்சிடும், தப்பித்தவறி ஒரு குமிழி நின்னாலும் ஆபத்து கம்மி. அப்புறம் சலைன் மாதிரி திரவத்த நிரப்பி (பிரைம்னு சொல்றது இதத்தான்) கொஞ்ச நேரம் சுத்த விடுவாங்க. அப்போ 5 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) அளவுல ஒரு ஃபில்டர் நடுவுல இருக்கும், தயாரிப்புல தங்கிப்போன பிளாஸ்டிக் பொடிய அது பிடிச்சிடும். அத சுத்தறப்போ பெர்ஃபியூஷனிஸ்ட் ஆக்சிஜனேட்டரையும் ஃபில்டரையும் கையால, இல்லன்னா டியூப இறுக்கி மூடுற கிளாம்போட பின்பக்கத்தால டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டே இருப்பார், மூலையில ஒட்டிக்கிட்டு இருக்கிற ஊசிமுனை சைஸ் குமிழி ஒண்ணொண்ணா விட்டு மேல ஏறும். வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு என்னடா இந்த ஆளு சும்மா தட்டிக்கிட்டு இருக்காரேன்னு தோணும், ஆனா அந்த பத்து நிமிஷம் ரொம்ப முக்கியமான பத்து நிமிஷம். ரத்தம் வர்றதுக்கு முன்னாடி அந்த 5 மைக்ரான் ஃபில்டர கழட்டி வச்சிடுவாங்க.

ஏன் கழட்டணும், அதையே விட்டு வச்சா இன்னும் சுத்தமா இருக்குமேன்னு கேட்டா, அங்கதான் விஷயமே இருக்கு. சிவப்பணு ஒண்ணு 7, 8 மைக்ரான் அகலம். வெள்ளை அணு இன்னும் பெருசு. 5 மைக்ரான் ஓட்டைக்குள்ள நிமிஷத்துக்கு நாலஞ்சு லிட்டர் ரத்தத்த தள்ளினா அணுக்கள் நசுங்கி உடைஞ்சு ஃபில்டர் அடைச்சுக்கும், ஆபரேஷன் அங்கயே முடிஞ்சிடும். அதனால ரத்தம் ஓடும்போது இருக்கிற ஆர்ட்டீரியல் ஃபில்டரோட ஓட்டை 20ல இருந்து 40 மைக்ரான் வரைக்கும்தான் வைக்க முடியும். மனுஷ முடி ஒண்ணு சுமார் 70 மைக்ரான் தடிமன், ஆக அதுல பாதி. இத விட சின்னது தாண்டிப் போயிடும், அது தெரிஞ்சேதான் இந்த அளவ வச்சிருக்காங்க. அணுக்களையும் காப்பாத்தணும், மூளையையும் காப்பாத்தணும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு பேரம் அது.

இந்த ஆர்ட்டீரியல் ஃபில்டர் உள்ள எப்படி இருக்கும்னா, பாலியஸ்டர் வலைய மடிச்சு மடிச்சு ஒரு வட்டமா உள்ள வச்சிருப்பாங்க. ரத்தம் மேல ஓரத்துல இருந்து சுழன்டுகிட்டே உள்ள இறங்கும், சுழலும்போது கனமான ரத்தம் வெளிப்பக்கம் போகும், லேசான காத்து நடுவுல சேந்து மேல ஏறும், உச்சியில ஒரு மெல்லிசான டியூப் வழியா அந்தக் காத்து திரும்ப ரிசர்வாயருக்கே போயிடும். வலை ஈரமா இருக்கிறதால குமிழி அவ்வளவு சுலபமா ஓட்டைக்குள்ள நுழையவும் முடியாது, ஒரு அளவு அழுத்தம் வந்தாத்தான் நுழையும். ஆக இது குப்பைய பிடிக்கிறதுக்கு மட்டும் இல்ல, குமிழிய பிடிக்கிறதுலதான் இதோட மதிப்பே இருக்குன்னு நான் சொல்லுவேன். ஃபில்டருக்கு முன்னாடி பின்னாடி அழுத்தத்த கவனிச்சுக்கிட்டே இருப்பாங்க, முன்னாடி மட்டும் ஏறிக்கிட்டே போனா உள்ள ஏதோ அடைக்குதுன்னு அர்த்தம், ஹெப்பாரின் பத்தலையான்னு உடனே ஏசிடி பாக்கணும். அப்படி அடைச்சா என்ன பண்றதுன்னு ஃபில்டர சுத்திப் போற மாதிரி ஒரு தனி டியூப கிளாம்ப் போட்டு வச்சிருப்பாங்க, அத திறந்தா ரத்தம் ஃபில்டர் இல்லாமலே போகும், மூளைக்கு ரத்தமே போகாம நிக்கிறதுக்கு ஃபில்டர் ஆகாத ரத்தம் போறது எவ்வளவோ மேல். இப்ப வர்ற பல ஆக்சிஜனேட்டர்ல இந்த ஃபில்டர உள்ளயே சேத்து ஒரே பெட்டியா பண்ணிடுறாங்க, அதுல இந்த சுத்து வழி கிடையாது, ஆனா நிரப்புற திரவம் கம்மியாகும்.

ஒரு சின்ன கணக்கு. நிமிஷத்துக்கு 4.5 லிட்டர் வச்சா ஒன்றரை மணி நேரத்துல 400 லிட்டருக்கு மேல அந்த ஃபில்டர தாண்டுது. பெரியவங்க உடம்புல மொத்த ரத்தமே அஞ்சு லிட்டர் ஒட்டித்தான். ஒரே ரத்தம்தான் திரும்பத் திரும்ப சுத்துது, "மொத்த ரத்தத்தையும் வெளிய எடுத்து வச்சு" அப்படின்னு எல்லாம் இல்ல, எந்த நொடியிலயும் ஒரு பகுதிதான் வெளிய.

இப்ப கொழுப்புக்கு வருவோம், ஏன்னா ஃபில்டருக்கு தண்ணி காட்டுறது இதுதான். ரத்தக்கட்டி கெட்டியா இருக்கும், வலையில மாட்டிக்கும். கொழுப்புத் துளி வளையும், நீளும், 40 மைக்ரான் ஓட்டையில வழுக்கிக்கிட்டு போய் அந்தப் பக்கம் திரும்ப உருண்டை ஆகிடும். 1990ல வந்த ஆய்வுகள்ல பம்ப் ஆபரேஷனுக்கு அப்புறம் இறந்தவங்க மூளையில மெல்லிய ரத்தக்குழாய்கள் அங்கங்க பலூன் மாதிரி வீங்கி இருந்தத கண்டுபிடிச்சாங்க, அதுக்கு பெரிய சந்தேகம் இந்தக் கொழுப்பு மேலதான். எங்கேர்ந்து வருதுன்னா நெஞ்சுக்குழியில தேங்குற ரத்தத்த சக்கர்ங்கிற உறிஞ்சுற டியூப் வச்சு எடுத்து அப்படியே ரிசர்வாயருக்கு அனுப்புறோம்ல, அதுல இருந்து. ரத்தத்த வீணாக்கக் கூடாதுங்கிற நல்ல எண்ணம்தான், ஆனா பம்ப்ல சுத்துற ரத்தத்துலயே ரொம்ப மோசமான ரத்தம் அதுதான். கொழுப்பு, திசுத் துணுக்கு, காத்து, உடைஞ்ச சிவப்பணு எல்லாம் அதுல இருக்கும். சக்கர் வேகத்த கூட்டி வச்சா காத்தும் ரத்தமும் சேந்து "ஸ்ஸ்ஸ்"னு ஒரு சத்தம் வரும், அந்த சத்தம் கேட்டா சிவப்பணு உடையுதுன்னு அர்த்தம், நல்ல பெர்ஃபியூஷனிஸ்ட் அந்த சத்தத்துக்கே கைய வேகத்த மாத்துற திருகுல வச்சு குறைச்சிடுவார். உடைஞ்ச அணுவுல இருந்து வர்ற ஹீமோகுளோபின் கிட்னிய பாதிக்கும், சில சமயம் பேஷண்டோட யூரின் பை ரோஸ் கலர்ல மாறுறத பாத்தே கண்டுபிடிச்சிடலாம்.

அதனால ரிசர்வாயர்ல சக்கர் ரத்தம் வந்து விழுற பக்கம் தனியா ஒரு நுணுக்கமான ஃபில்டரும், நுரைய உடைக்க சிலிக்கோன் தடவின ஸ்பாஞ்சும் இருக்கும். அது போதாதுன்னு நினைக்கிற இடங்கள்ல அந்த ரத்தத்த பம்புக்கே விடாம செல் சேவர்னு இன்னொரு மெஷினுக்கு அனுப்புவாங்க. இது ஃபில்டர் கிடையாது, சுத்துற மெஷின். ஒரு கிண்ணத்துல ரத்தத்த போட்டு நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவ சுத்தும், கனமான சிவப்பணு ஓரத்துல ஒட்டிக்கும், லேசான பிளாஸ்மா, கொழுப்பு, ஹெப்பாரின், உடைஞ்ச ஹீமோகுளோபின் எல்லாம் வழிஞ்சு கழிவுப் பைக்கு போகும், அப்புறம் சலைன விட்டு அலசும். கழிவு டியூப்ப கவனிச்சா முதல்ல சிவப்பா வரும், அலச அலச வெளுத்து தண்ணி மாதிரி ஆகும், அப்போ முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். கடைசியில கிடைக்கிறது பேஷண்டோட சொந்த சிவப்பணு, கெட்டியா, பாதிக்கு மேல அணுக்கள்தான். குறை என்னன்னா பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும் ரத்தத்த உறைய வைக்கிற புரதங்களும் சேந்து கழிவோட போயிடும், ரொம்ப நிறைய அலசினா அப்புறம் ரத்தம் நிக்க மாட்டேங்குதுன்னு வெளியில இருந்து பிளாஸ்மா ஏத்த வேண்டி வரும். இங்கயும் பேரம்தான்.

இது வரைக்கும் சொன்னது குப்பைய பிடிக்கிற ஃபில்டர். இன்னொரு வகை தண்ணிய பிரிக்கிற ஃபில்டர், இத ஹீமோகான்சன்ட்ரேட்டர்னு சொல்லுவாங்க, செய்யுற வேலைக்கு அல்ட்ராஃபில்ட்ரேஷன்னு பேரு. ஏன் தேவைன்னா, முதல்ல சொன்னேனே பிரைம் திரவம், பெரியவங்களுக்கு ஒண்ணுல இருந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும் போகும், பம்ப் ஆரம்பிச்சவுடனே அது பேஷண்ட் ரத்தத்தோட கலந்து ரத்தம் நீர்த்துப் போயிடும். இதயத்த நிறுத்துற கார்டியோப்ளீஜியா திரவம் வேற சேரும். கொஞ்சம் நீர்த்தா நல்லதுதான், குளிர்ச்சியிலயும் ரத்தம் சுலபமா ஓடும், ரொம்ப நீர்த்தா ஆக்சிஜன சுமக்க சிவப்பணு பத்தாது, உடம்பு வீங்கும்.

இந்தக் கருவிய பாத்தீங்கன்னா ஒரு பிளாஸ்டிக் குழல், உள்ள ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள், ஒவ்வொரு இழையும் உள்ள வெத்தா இருக்கும், அதுக்குள்ள ரத்தம் ஓடும். இழையோட சுவத்துல இருக்கிற ஓட்டைய மைக்ரான்ல சொன்னா ரொம்ப சின்ன நம்பரா வரும், அதனால எந்த எடை மூலக்கூறு தாண்டும்னு டால்ட்டன் கணக்குல சொல்லுவாங்க, பொதுவா 65,000 டால்ட்டன் பக்கம். தண்ணி, உப்பு, பொட்டாசியம், யூரியா தாண்டிடும். ரத்தத்துல தண்ணிய பிடிச்சு வைக்கிற ஆல்புமின்ங்கிற புரதம் 66,000க்கு மேல, அது உள்ளயே நின்னுடும், அணுக்கள் நிக்கிறத சொல்லவே வேணாம். பை ஒண்ணு மாட்டி விட்டா இளம் மஞ்சள்ல தெளிவா ஒரு நீர் சொட்டிக்கிட்டே இருக்கும், பாக்க யூரின் மாதிரியே இருக்கும். அது சிவக்க ஆரம்பிச்சா எங்கயோ அணுக்கள் நிறைய உடையுதுன்னு அர்த்தம், இல்லன்னா இழை கிழிஞ்சிருக்கு.

இதுதானே டயாலிசிஸ்னு கேப்பீங்க. சொந்தக்காரன்தான், ஆனா அதே ஆள் இல்ல. டயாலிசிஸ்ல இழைக்கு வெளிப்பக்கம் ஒரு திரவம் ஓடும், கழிவு ரத்தத்துல இருந்து அதுக்குள்ள தானா பரவும். இங்க வெளிப்பக்கம் ஒண்ணும் ஓடாது, அழுத்தத்துல தண்ணி பிழிஞ்சு வெளிய வருது, அதுல கரைஞ்சிருக்கிறதும் கூடவே வருது, அதனால தண்ணி குறையுமே தவிர பொட்டாசியம் அளவு பெருசா இறங்காது. கிட்னி வேலை செய்யாத பேஷண்டுக்கு கார்டியோப்ளீஜியாவுல இருந்து வந்த பொட்டாசியம் ஏறி நின்னா, ஒரு பக்கம் பொட்டாசியம் இல்லாத திரவத்த விட்டுக்கிட்டே அதே அளவ இன்னொரு பக்கம் பிழிஞ்சு எடுப்பாங்க, மொத்த அளவு மாறாது, பொட்டாசியம் மட்டும் இறங்கும், ஜீரோ பேலன்ஸ்னு இதுக்கு பேரு. தண்ணி இருக்கேன்னு அளவில்லாம எடுக்கவும் கூடாது, ரொம்ப எடுத்தா ரத்தக்குழாய்ல ரத்தமே பத்தாம போய் கிட்னி அடி வாங்கும்.

குழந்தைங்க விஷயத்துல இது இன்னும் பெரிய வேலை. மூணு கிலோ பச்சக்குழந்தையோட மொத்த ரத்தம் கால் லிட்டர்தான், 250 மில்லி சுமார். டியூப எவ்வளவு குட்டையா வெட்டினாலும் பிரைம் திரவம் அந்த ரத்தத்தோட அளவுக்கே வந்து நிக்கும், வெறும் சலைன விட்டா குழந்தை ரத்தம் பாதிக்கு மேல தண்ணியாகிடும், அதனால பிரைம்லயே ரத்தம் சேப்பாங்க. இவ்வளவு பண்ணியும் ஆபரேஷன் முடிஞ்சா குழந்தை ஊதிப் போய் இருக்கும். 1991ல லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் ஆஸ்பத்திரியில நாயக், எலியட் குழு ஒரு வழி சொன்னாங்க, பம்ப நிறுத்தினதும் டியூப உடனே கழட்டாம மகாதமனியில இருந்து ரத்தத்த கொஞ்சம் கொஞ்சமா எடுத்து இந்த இழை வழியா விட்டு வலது பக்க இதயத்துக்கே திருப்பிக் கொடுக்கிறது, பத்து பதினஞ்சு நிமிஷம். தண்ணி இறங்க இறங்க மானிட்டர்ல பிரஷர் ஏறுறத கண்ணாலயே பாக்கலாம். மாடிஃபைட் அல்ட்ராஃபில்ட்ரேஷன்னு சொல்ற இது, சுருக்கமா மஃப், இன்னிக்கு நிறைய குழந்தைகள் சென்டர்ல வழக்கமா பண்றாங்க.

வெள்ளை அணுக்கள பிடிக்கிற ஃபில்டர், வீக்கம் உண்டாக்குற புரதங்கள உறிஞ்சுற சின்ன மணிகள் நிறைச்ச சைட்டோசார்ப் மாதிரி குழல்னு இன்னும் சில இருக்கு. கேக்க நல்லா இருக்கும், ஆனா எல்லாருக்கும் மாட்டுற அளவுக்கு ஆதாரம் வலுவா இல்ல, ஜெர்மனியில இதய வால்வு தொற்று பேஷண்டுகள்கிட்ட பண்ணின ரிமூவ்ங்கிற ஆய்வுல உறிஞ்சு குழல் மாட்டினதால உறுப்புகள் பாதிப்பு குறையல. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டுட்டு அவசரமா ஆபரேஷனுக்கு வர்றவங்க ரத்தத்துல இருந்து அந்த மருந்த உறிஞ்சி எடுக்க ஐரோப்பாவுல பயன்படுத்துறாங்க, எனக்கு அது கொஞ்சம் நம்பிக்கையா தெரியுது.

இதயம் திரும்ப துடிச்சு, பம்ப நிறுத்தினதும் ஹெப்பாரின முறிக்க புரோட்டமைன் போடுவாங்க, இது மீனோட விந்துல இருந்து முதல்ல எடுத்த புரதம். அனஸ்தீசியா டாக்டர் "புரோட்டமைன் போறேன்"னு சத்தமா சொல்லுவார், கொஞ்சம் உள்ள போனதுமே பெர்ஃபியூஷனிஸ்ட் சக்கர் உறிஞ்சுறத நிறுத்திடணும், ஏன்னா புரோட்டமைன் கலந்த ரத்தம் ரிசர்வாயருக்கு வந்தா அங்கயே கட்டிடும், திடீர்னு திரும்ப பம்ப்ல போகணும்னா மெஷின் இருக்காது. அதுக்கு அப்புறம் வர்ற ரத்தம் எல்லாம் செல் சேவருக்குத்தான்.

டியூபுக்குள்ள மிச்சம் நிக்கிற ரத்தம் ஒரு லிட்டருக்கு மேல கூட இருக்கும், அத கொட்ட மாட்டாங்க. சில இடத்துல அப்படியே பையில பிடிச்சு ஏத்துவாங்க, அதுல ஹெப்பாரின் இருக்கிறதால கொஞ்சம் புரோட்டமைன் கூட போகும், சில இடத்துல செல் சேவர்ல அலசி ஏத்துவாங்க. ஐசியூவுல உங்க ஆள் தலைமாட்டுல பிளட் பேங்க் லேபிள் இல்லாம, பேரும் நேரமும் மட்டும் எழுதின ஒரு கருஞ்சிவப்பு பை தொங்கினா பயப்படாதீங்க, அது வேற யாரோட ரத்தமும் இல்ல, அவரோடதேதான். செல் சேவர்ல அலசின ரத்தம்னா வெளிய வச்சு நாலு மணி நேரத்துக்குள்ள ஏத்தி முடிக்கணும், தாண்டினா கிருமி வளர வாய்ப்பு இருக்குன்னு தூக்கிப் போட்டுடுவாங்க, அதனாலதான் நர்ஸ் அந்தப் பைல எழுதியிருக்கிற நேரத்த அடிக்கடி பாத்துக்கிட்டே இருப்பாங்க.